சாயுற மரத்துக்கும் தடை உத்தரவு

கர்த்தருக்குள் அன்பான தம்பி மேக்ஸ்வெலுக்கு, தலைச்சோலையிலிருந்து உன் அண்ணன் பாக்கியநாதன் சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கு என் வீட்டாரும் சுகம், உன் வீட்டாரும் சுகம். வீட்டுக்கு மேலே என் காட்டில் நிற்கிற சில்வர் ஓக் மரம் மட்டும் சுகமில்லை. சேலத்தில் நீயும் உன் வக்கீலும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம், உனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பேசினால் கேஸுக்கு ஆகாது என்று வக்கீல் சொன்னாராம், நீயும் என் போனை எடுப்பதில்லை. ஆகையால் இதை எழுதுகிறவள் உன் சம்சாரம் ஆன்மேரிதான். என் சம்சாரம் தேவகுமாரிக்குக் கூடப்பிறந்த தங்கச்சி என்பதால் நான் சொல்வதை மாற்றமாட்டாள். நல்ல தமிழில்தான் ஆரம்பித்தாள். "பேசுற மாதிரியே எழுது கண்ணு, நல்ல தமிழு அவனுக்குக் கோர்ட்டுலயே கெடைக்குது" என்று சொல்லிவிட்டேன்.

ஏஞ்சாமி, அந்த மரம் நொம்பச் சாஞ்சுக்கிட்டு வருது. போன மழையில ஒரு பக்கத்து வேரு வெளிய வந்துருச்சு. விழுந்தா ஊட்டு மேலதான் விழும். நடுவுல சுவரு வெச்சு ரெண்டாப் பிரிச்சோமே, அந்தச் சுவரு மேலயே விழும். உன் பாதி, என் பாதின்னு மரம் பாக்காது. சரி வெட்டிரலாம்னு மாதேஸ்வரனுக்குச் சொல்லி உட்டு, அவன் கயிறும் ரம்பமுமா வந்து, காப்பி குடிச்சிட்டு, மேல ஏறப் போற நேரத்துல கோர்ட்டு ஆளு காயிதத்தோட வந்து நிக்கறாரு. நீ போட்ட புதுக் கேஸுல தடையாம். கேஸு முடியற வரைக்கும் மேல்காட்டுல எல்லாம் இருக்குறபடியே இருக்கணுமாம். "ஏனுங்க, மரம் சாஞ்சுக்கிட்டே இருக்குதுங்க, அது எப்படிங்க இருக்குறபடி இருக்கும்?"னு கேட்டேன். "அதை அங்க வந்து மனு போட்டுச் சொல்லுங்க"ன்னாரு. அவருக்கும் ஒரு காப்பி குடுத்தோம். நம்ம காட்டுக் காப்பிதான்; இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அவரு சம்சாரத்துக்குக் கிளியூருதானாம். மாமனாரு ஊட்டுலயும் காட்டுத் தகராறாம். அதை முழுசாக் கேட்டு முடிக்கறதுக்குள்ள மாதேஸ்வரன் ரம்பத்தை எடுத்துட்டுப் போயிட்டான்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், கேஸு. மேல்காடு எனக்கு, கீழ்க்காடு உனக்குன்னு அப்பா எழுதி வெச்சுட்டுத்தான் கண்ணை மூடுனாரு. மேல்காட்டுல மொளகு நல்லா ஏறுதுன்னு நீ கேஸு போட்ட. அப்பா எழுதுனது சரின்னு ஜட்ஜு சொன்னாரு. மேல்கோர்ட்டுக்குப் போன, அங்கயும் சரின்னாங்க. மெட்ராஸுக்குப் போன. அங்க சரின்னதும் இல்லாம, இதோட முடிஞ்சுது, இனிமே இதைக் கெளப்பக் கூடாதுன்னும் சேத்து எழுதிட்டாங்க. நானும் ஏற்காட்டுல கேக்கு வாங்கியாந்து உன் ஊட்டுக்கு ஒரு துண்டு குடுத்து உட்டேன். நீயும் தின்ன. இப்பப் பாத்தா அதே காட்டுக்குப் 'பலாமரத்துக் காடு'ன்னு பேரு வெச்சுப் புதுசா ஒரு கேஸு! ஏன்டா, காட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்தா அது வேற காடாயிருமா? அங்க இருந்த ஒரே பலாமரத்தையும் உன் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய வெட்டியாச்சு. அதுல படுத்துக்கிட்டுத்தான் நீ இந்தக் கேஸையே யோசிச்சிருப்ப. ("ஆமாங்க மாமா"ங்கறா ஆன்மேரி.) "பழைய தீர்ப்பையெல்லாம் காட்டுனா இந்தக் கேஸு நிக்காதுங்க"ன்னு என் வக்கீலு சொல்றாரு. நிக்காதுதான். ஆனா வாய்தா மேல வாய்தா போகுதே, கேஸுக்கு முன்னால மரம் விழுந்துருமே!

முன்னெல்லாம் வாய்தான்னா ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவோம். கொண்டையூசி வளைவுல உனக்குக் கொமட்டும்னு நான்தான் எலுமிச்சம்பழம் கொண்டாருவேன். அதை மோந்துக்கிட்டே கீழ எறங்கி, எனக்கு எதிராச் சாட்சி சொல்லுவ. இப்ப பஸ்ஸு ஒத்துக்கலைன்னு சேலத்துலயே தங்கிட்ட. இங்க மழை வந்தா மரம் விழுந்துரும்னு பயந்து உன் பொண்டாட்டி எங்க பக்கம் ஓடியாறா. காத்து திரும்புனா நாங்க உன் பக்கம் ஓடுறோம்.

இதுல காட்டெருமை வேற. விடிஞ்சா அந்த மரத்துலதான் வந்து முதுகு தேய்க்குது. ஒரு தேய்ப்புக்கு மரம் உச்சி வரைக்கும் ஆடுது. தேவகுமாரி தட்டைத் தட்டி வெரட்டப் போனா. "வேண்டாம் புள்ள, எல்லாம் இருக்குறபடியே இருக்கணும், கோர்ட்டு உத்தரவு"ன்னேன். "உங்க அண்ணந்தம்பி ரெண்டு பேரையும் அந்த மரத்துலயே கட்டிப் போடோணும்"னா. அவ பாத்த பார்வைக்குக் காட்டெருமையே தேவலை.

ஆகையால் தம்பி, கேஸை வாபஸ் வாங்கு. தீர்ப்புன்னு ஒண்ணு வந்துட்டா மனுசன் அதோட அடங்கணும். மறுபடி மறுபடி கோர்ட்டுப் படி ஏறுறது நம்ம குடும்பத்துக்கு அழகில்லை. என் உசுரு இருக்குற வரைக்கும் நான் ஒரு கேஸு போட மாட்டேன். நீயும் போடாதே. கர்த்தர் உனக்குச் சமாதானத்தையும், மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டையும் தந்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அண்ணன் பாக்கியநாதன் (கைநாட்டு)

பி.கு: ஏனுங்க, இது ஆன்மேரி. மாமா இந்தக் கடுதாசிக்கு ஸ்டாம்பு வாங்க ஏற்காட்டுக்குப் போயிருக்காருங்க. நானும் அக்காவும் அந்தக் கோர்ட்டுக் காயிதத்தை எடுத்துப் படிச்சுப் பாத்தோம். தடை உங்க பேருக்கும் மாமா பேருக்கும்தான் இருக்குதுங்க. எங்க ரெண்டு பேரு பேரு எங்கயும் இல்லை. அதனால மாதேஸ்வரனைக் கூப்பிட்டு மரத்தை வெட்டிட்டோம். கயிறு கட்டி இழுத்ததுல காட்டுப் பக்கமாச் சாஞ்சுது. ஊட்டுல ஒரு ஓடு அலுங்கலை. ஆளு வந்ததோட வந்ததா அந்த நடுச்சுவத்தையும் இடிக்கச் சொல்லிட்டோம். இப்பத்தான் ஊட்டுக்குள்ள நல்லாக் காத்து வருதுங்க.

இன்னொரு பி.கு: மாமா வந்து பாத்துட்டு ஸ்டாம்பும் கையுமா நிக்கறாருங்க. அவரு சொல்றதை அப்படியே எழுதறேன்: "தம்பி, மேலே எழுதுனதையெல்லாம் அடிச்சுரு. மூணு கோர்ட்டு எனக்குன்னு சொன்ன மரம், நீ தடை வாங்கி வெச்சிருந்த மரம், நம்ம ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேக்காம வெட்டிட்டாங்க. அக்கா தங்கச்சி மேல நாம சேர்ந்து ஒரு கேஸு போடோணும். உன் வக்கீலு கெட்டிக்காரரு, அவரையே வெச்சுக்கலாம். போனை எடு."

போடுங்க. ஆனா வாய்தா என்னைக்குன்னு முன்னாலயே சொல்லிருங்க. நாங்களும் அதே பஸ்ஸுலதான் வருவோம். எலுமிச்சம்பழம் நாங்க கொண்டாறோம்.