சிதம்பரத்து ரிசல்ட்

தேவனாம்பட்டினம் ரோட்டில் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது உத்திராபதியின் இடது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஓட்டிப் பழக வந்த பெண் அதைப் பார்த்து, பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தாள். டிரைவிங் ஸ்கூல் கார் ஒரு மதில் சுவரில் முட்டி நின்றது.

"சளிதான்" என்றார் மனைவி மங்கலத்திடம். அவள் நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். ரத்தம் இன்னும் ஜாஸ்தியானது.

அவளிடம் சொல்லாமல் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். டாக்டர் மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். ஸ்கேனையும் பார்த்தார்.

"உள்ள சதை வளந்திருக்கு. பக்கத்து எலும்பையும் அரிச்சிருக்கு."

"கேன்சரா சார்?"

"சாதாரணக் கட்டியும் இப்படி அரிக்கும். பாத்தா கேன்சர் மாதிரியேதான் இருக்கும். கொஞ்சம் சதை எடுத்து லேபுக்கு அனுப்புனா தெரிஞ்சிரும்."

உத்திராபதிக்குக் கேன்சர் என்பது மட்டுமே காதில் விழுந்தது. அன்றைக்கே சதையை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள்.

யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு மச்சான் கதிரவனிடம் மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகச் சேத்தியாத்தோப்புச் சொந்தம் மொத்தமும் வாசலில் நின்றது.

மங்கலம் அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். "லேபு நம்பரக் குடுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

தினமும் கேட்டார். "இன்னும் வரலியாம்" என்றாள்.

எட்டாம் நாள் மகள் இளமதியைக் கூப்பிட்டார். அருண்குமாரைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாக அவள் பிடிவாதமாக இருந்தாள். மங்கலமும் மகள் பக்கம்தான். தன்னிடமே படித்தும் லைசென்சுக்கு எட்டுப் போட முடியாமல் மூன்று தடவை தோற்றவனுக்குப் பெண் கிடையாது என்று இவரும் அசையவில்லை.

"ஞாயித்துக்கிழம அவுங்கள வரச் சொல்லும்மா. கண்ண மூடறதுக்குள்ள உன் நிச்சயத்தையாவது பாத்துடறேன்."

நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவர் அழுததில் மாப்பிள்ளையும் அழுதான்.

திங்கட்கிழமை, இனித் தாங்காது என்று தானே லேபுக்குப் போய்த் தாளை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டி. விட்டா வளரும், அதனால ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்துரலாம். அப்புறமும் அப்பப்ப வந்து காட்டணும். பயப்படாதீங்க."

உத்திராபதி ஒரு கிலோ ஜாங்கிரியோடு லேபுக்குத் திரும்பினார். கவுண்டரில் இருந்த ரேகாவிடம் நீட்டினார்.

"ஏம்மா, இந்த நல்ல சேதியச் சொல்ல உங்களுக்குப் பதினஞ்சு நாளா?"

"நாலாம் நாளே ஒரிஜினலக் குடுத்துட்டோமே சார், இன்னிக்கு நீங்க வாங்குனது காப்பி! பொண்ணு நிச்சயம் முடியற வரைக்கும் உங்களுக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லிட்டு, உங்க வீட்டம்மாதான வந்து வாங்கிட்டுப் போனாங்க?"