தாமரைக்கு எத்தனை டியூப்லைட்?

"மலர்ந்துதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஸ்ரீரங்கன் செருப்பைக் கழற்றினார்.

"இல்லை. முஷ்டியை மடக்கிண்டு உட்கார்ந்திருக்கு. உங்க அக்கா ஊர்லேர்ந்து வந்தா உட்காருவாளே, அதே மாதிரி" என்றாள் ஜெயலக்ஷ்மி.

மயிலாப்பூரில் இரண்டாம் மாடி ஃபிளாட். கூடத்தில் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் இப்போது நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், கொஞ்சம் பாறை, பாறைமேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஆரஞ்சு உருண்டை. தி.நகர் வளர்ப்பு மீன் கடையில் அதற்கு 'கடல் தாமரை' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பூ இல்லையாம், பிராணியாம். சௌகரியமாக இருந்தால் இதழ் விரிக்குமாம். மூன்று வாரமாக அதற்குச் சௌகரியப்படவில்லை. ஃபிரிட்ஜோ படுக்கையறைக்குக் குடிபோய், ஜெயலக்ஷ்மியின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இது வாயைத் திறக்கலைன்னா தொட்டி போகும், ஃபிரிட்ஜ் கூடத்துக்கு வரும். நான் கண்ணசந்து மூணு வாரமாச்சு."

இருபத்திரண்டு வருஷமாக ஆபீசில் பிறத்தியார் ஃபைலைப் புரட்டியவர் ஸ்ரீரங்கன். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தத் தொட்டிதான்.

"வெளிச்சம் போதலை, ஜெயா. தாமரைன்னா என்ன? சூரியனைப் பார்த்து மலரறது. ஒத்தை டியூப்லைட்டைப் போட்டுட்டு மலரு மலருன்னா, அது எப்படி மலரும்?"

"அதைத்தான் ராத்திரியும் அணைக்காம வெச்சிருக்கேளே!"

"ஒண்ணு எப்படிப் போதும்?"

வியாழக்கிழமை ஒன்று மூன்றாயிற்று. உருண்டை இன்னும் கொஞ்சம் இறுகியது. வெள்ளிக்கிழமை மூன்று ஆறாயிற்று. தண்ணீர் சுட ஆரம்பித்தது. ஸ்ரீரங்கன் ஃபிரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளை எல்லாம் தொட்டியில் கொட்டினார். ஐஸ் கரைந்து உப்புக் குறைந்தது. உப்பைச் சரிக்கட்டப் புதுக் கடல் தண்ணீர் வேண்டியிருந்தது.

சாந்தோம் மீனவர் குப்பத்து வடிவேலு வழக்கம்போல் சைக்கிளில் இரண்டு கேன் கொண்டுவந்து கீழே கேட்டருகே இறக்கிவிட்டுப் போனான். ஸ்ரீரங்கன் அவற்றை மாடிக்குத் தூக்கியதில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படியில் சிந்தியதில் முதல் மாடி வேதாந்தம் வழுக்கினார். வேதாந்தம்தான் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர்.

"என்ன ஓய், உம்மாத்து ஜன்னல் ராப்பகலா ஜொலிக்கறது, மாடிப்படியில சமுத்திரம் ஓடறது?"

"தாமரைக்காக, மாமா. வெளிச்சம் போதலை."

"இந்த வெளிச்சத்துல எங்காத்துல யாரும் தூங்கலை, ஓய்! தாமரை மட்டும் தூங்கறதா?"

சனிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கன், கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆயிரம் வாட்ஸ் விளக்கை வாங்கி வந்தார். இருட்டும் நேரத்தில் ஸ்விட்சைப் போட்டார். கூடம் முகூர்த்த மேடையாகிவிட்டது. ஜெயலக்ஷ்மி தன்னையறியாமல் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். உருண்டை கடுகளவும் அசையவில்லை.

'டப்' என்றது. கட்டடம் முழுக்க இருண்டது.

"யாரது? இன்னும் அஞ்சு நிமிஷத்துல படம் முடிஞ்சிருக்கும்! டி.வி. போச்சு!" என்று கீழிருந்து வேதாந்தம் அலறினார். ஃபியூஸ் போட ஆள் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றும் அவரே அடுத்தாற்போல் அறிவித்தார்.

இருட்டில் இருவரும் விசிறிக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஜெயலக்ஷ்மி விசிறியைக் கீழே வைத்தாள்.

"போதும்னா. வடிவேலுவை வரச் சொல்லி அனுப்பியிருக்கேன். கடல்லயே கொண்டுபோய் விட்டுடட்டும். பாவம், அதுவாவது பிழைக்கும்."

அவள் கத்தியிருந்தால் ஸ்ரீரங்கன் பதிலுக்குக் கத்தியிருப்பார். இப்படித் தணிந்து பேசியதும் அவருக்கு, தன் கையாலாகாத்தனத்தால் ஒரு ஜீவன் வாடுகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. "சரி" என்றார்.

வடிவேலு பக்கெட்டும் கையுமாக, முதல் தடவையாக மாடியேறி வந்தான்.

"எங்க சார் கீது? கண்ணே தெர்லியே."

ஜெயலக்ஷ்மி சமையலறையிலிருந்து மெழுகுவத்தியை ஏற்றி வந்து தொட்டியருகே பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மாடி! ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன்!"

உருண்டையைக் காணோம். உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு இதழ்கள் விரிந்து, தண்ணீரில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. ஜெயலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு அழகா இருக்கு! இது இங்கேயே இருக்கட்டும்னா. ஃபிரிட்ஜ் எங்கே உறுமினா என்ன!"

ஸ்ரீரங்கனுக்கு இடுப்பு வலி பறந்துபோயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பார்த்தியா? நான் சொன்னேனோ இல்லியோ! ஆயிரம் வாட்ஸ் சமாசாரம்! கரண்ட் வரட்டும், நாளைக்கே இன்னொரு வீடியோ லைட்டுக்குச் சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் போட்டா இது எப்படி மலரும், நெனைச்சுப் பாரு!"

வடிவேலு பக்கெட்டைக் கீழே வைத்தான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மேலே வரிசையாகத் தொங்கிய ஆறு டியூப்லைட்டையும், மூலையில் நின்ற வீடியோ விளக்கையும் பார்த்தான். பிறகு ஜெயலக்ஷ்மியின் கையிலிருந்த மெழுகுவத்தியை 'ப்பூ' என்று ஊதி அணைத்தான்.

"இன்னா சார் நீ, இத்த தாமரைன்னு யாரு சொன்னது? எங்க குப்பத்துல இதும் பேரு அல்லி."