ஏழுமலையின் பசு கறந்த அறுபத்திரண்டாயிரம் லிட்டர்

முதல் வரி சரியாக இருந்துவிட்டால் மீதி வரிகளும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன் ஆபத்தானவன். அவன் கையில் ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்துவிட்டால் ஊரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒருவன் இருந்தான். அது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், நான் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வெப் புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். முந்நூறாவது பக்கம் வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. (புத்தகத்தில் எழுநூறு பக்கங்கள்.)

எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு அந்த வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை ஏற்பாடு செய்தது என் அத்தை, அப்பாவின் அக்கா நாகம்மாள். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், உறுப்பினர் எண் ஒன்று. ஐந்து மாடுகள். ஆண்டுக் கூட்டத்தில் அவரைத் தலைவராக்குவதாகப் பேச்சு. "வருஷத்துக்கு யார் யார் எவ்ளோ ஊத்துனாங்கனு இதுவரைக்கும் யாருமே கூட்டிப் பாத்ததில்ல. நீ கூட்டிக் குடுடா" என்றார். மாதக் கடைசியில் ஒவ்வொருவர் பால் அட்டையிலும் அந்த மாதத்து மொத்தத்தைக் குறித்துத் தருவார்கள். அதோடு சரி.

நான் சவாலை ஏற்றுக்கொண்டேன். நாற்பத்து மூன்று உறுப்பினர்கள், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, முந்நூற்று அறுபத்தைந்து நாள். சங்கப் பதிவேட்டில் இருந்த முப்பத்தோராயிரத்துச் சொச்சம் அளவுகளையும் இரண்டு மாதம் உட்கார்ந்து நானே டேட்டாபேஸில் ஏற்றினேன். ஒரு எண்கூடத் தப்பில்லை. இதை இன்றும் தலை நிமிர்ந்து சொல்வேன், ஏனென்றால் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

அடுத்தது ரிப்போர்ட் பக்கம். தேதி விஷயத்தில் நான் சற்றுக் கிறுக்கு. 1989இல் ஆரம்பித்த நாட்குறிப்பை ஒரு நாளும் விட்டதில்லை. ஆகவே ரிப்போர்ட்டின் தலைப்பில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றும் தானாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அதற்கு மட்டும் மூன்று நாள் செலவழித்தேன். மாதம் பிறக்கும் நாளுக்கெல்லாம் தனிப் பட்டியல் போட்டேன். பாலைக் கூட்டும் பகுதியை எழுத அரை மணி நேரம் ஆனது.

அந்தப் பகுதி செய்ய வேண்டியது எளிய வேலைதான். ஒவ்வொரு உறுப்பினராக எடுத்து, அவர் ஊற்றிய அளவுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, அவர் கணக்கு முடிந்ததும் மொத்தத்தைக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். எல்லாருடைய பெயரும் முடிந்த பிறகு, அடியில் சங்கத்தின் முழு மொத்தம் வர வேண்டும். அதை டேட்டாபேஸிடமே நேராகக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டேன்.

சரிபார்க்காமல் விடுகிற ஆளும் இல்லை நான். முதல் ஆளான அத்தையின் பன்னிரண்டு அட்டைகளை வாங்கிக் கூட்டினேன். 9,125 லிட்டர். திரையிலும் 9,125. பிறகு கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாவது ஆளான ஏழுமலையின் மொத்தம் 62,050. அதற்குக் கீழே சங்கத்தின் முழு மொத்தமும் 62,050. இரண்டு எண்களும் இவ்வளவு அழகாக ஒத்துப்போவதைக் கண்டு மனம் குளிர்ந்து, சிவப்பு மையால் டிக் அடித்தேன். (அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.) ஏழுமலைக்கு இருந்தது ஒரே ஒரு பசு. அது பாதி நாள் கறக்காது.

அதிகம் ஊற்றியவர் முதலில் வரும்படி பட்டியலை வரிசைப்படுத்தி அச்செடுத்து, செயலாளர் பரசுராமனிடம் கொடுத்தேன். தேதியைப் பார்த்து அசந்துபோனார். அதைத் தாண்டி அவர் ஒன்றும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம், சங்கக் கட்டடத்துக்கு எதிரே பந்தல் போட்டு. பரசுராமன் மைக்கில் பட்டியலை வாசித்தார். முதலிடம் ஏழுமலை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஏழுமலை ஒரு விநாடிதான் திகைத்தார். உடனே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு மேடையேறி, பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் தூக்கை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அப்போதே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்து நாற்பத்திரண்டாம் எண், அதற்கடுத்து நாற்பத்தொன்றாம் எண். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே வந்த பெரிய எண்ணைக் கேட்டு மகிழ்ந்தார்களே ஒழிய, 'நான் இவ்வளவு ஊற்றவில்லையே' என்று ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மனிதர்களைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான பாடம் இல்லை.

கடைசிப் பெயர் நாகம்மாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறைவாக ஊற்றியவரைச் சபையில் எழுப்பிக் காரணம் கேட்பார்கள். மாடு வற்றிவிட்டது, கன்று செத்துவிட்டது என்றால் விட்டுவிடுவார்கள். பாலை வெளியே விற்றதாகத் தெரிந்தால் அவர் எந்தப் பொறுப்புக்கும் வரக்கூடாது. ஐந்து மாடு வைத்திருப்பவர் கடைசி என்றால் காரணம் என்னவாக இருக்கும்?

பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார். "செங்கம் ரோட்டுல வெள்ளக்காரங்க ஓட்டலுங்க ஜாஸ்தி. அவுங்க தம்பி மவன் தெனம் அங்கதான வண்டியில போறான்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் வண்டியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையைக்கூடச் சிலர் உற்றுப் பார்த்தார்கள்.

பரசுராமனுக்கே சங்கடம். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..." என்று இழுத்தார்.

அத்தை எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "நான் இன்னாத்த சொல்றது. அட்ட சொல்லட்டும். எல்லாரும் வூட்டுக்குப் போயி பன்னெண்டு மாசத்து அட்டையும் எடுத்துக்கினு வாங்க. கூட்டி முடிக்கிற வரைக்கும் கூட்டம் கலையக்கூடாது."

யாரோ, சாப்பாட்டு நேரம் ஆகிவிடும் என்றார்கள். "ஆவட்டும்" என்று உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகை வந்தது. சாக்பீஸ் என் கையில் திணிக்கப்பட்டது. முதலில் அத்தையின் அட்டைகள். 9,125. "சரியாத்தானே இருக்குது" என்று பெருமையாகச் சொன்னேன். (அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.) இரண்டாவது குப்புசாமி. அட்டைப்படி 1,460. என் ரிப்போர்ட்டில் 10,585. மூன்றாவது முனியம்மாள். அட்டையில் 1,825, ரிப்போர்ட்டில் 12,410.

சாக்பீஸ் நின்றுவிட்டது. அத்தையின் பாலோடு குப்புசாமியின் பால். அந்த இரண்டோடு முனியம்மாளின் பால். இப்படியே ஊர்ப் பாலெல்லாம் ஒருவர் தலையிலிருந்து அடுத்தவர் தலைக்கு வழிந்து, கடைசியில் ஏழுமலையின் பசுவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் மெச்சி டிக் அடித்த அந்த ஒற்றுமை, சங்கமே ஒரு பசுவின் மடியில் கறந்ததன் ஒற்றுமை. முதலில் நின்றதால் யாருடைய பாலும் அத்தையிடம் வந்து சேரவில்லை. பட்டியலில் உண்மையான எண் அவருடையது ஒன்றுதான். அதனால்தான் அவர் கடைசி.

"அத்த, ஒரு லைன் எழுதாம வுட்டுட்டேன்."

"இன்னா லைன்?"

"ஒருத்தர் கணக்கு முடிஞ்சதும் மொத்தத்தப் பூஜ்யமாக்கிட்டுத்தான் அடுத்தவங்களது கூட்டணும். நான் ஆக்கல."

அத்தை எதிரே சங்க வாசலில் இருந்த பால் கேனைக் காட்டினார். "தெனம் பால் அளக்கும்போது ஒருத்தர் பாலக் கேன்ல கவுத்துட்டுத்தானே அடுத்தவங்க பால அளக்குற பாத்திரத்துல ஊத்துறோம்?"

"ஆமா."

"நீ கவுக்கவே இல்லியா?"

"இல்ல அத்த."

"வருஷம் முழுக்கவா?"

அரை மணி நேரம் பந்தலில் சிரிப்பு அடங்கவில்லை. பின்வரிசைக்காரர்தான் அதிகம் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் இரண்டே நிமிடத்தில் சரியான பட்டியல் தருகிறேன் என்று கெஞ்சினேன். "உன் மிஷினு அப்பறம் சொல்லட்டும். இன்னைக்குக் கையால கூட்டு" என்றார். நாற்பத்து மூன்று பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மாதம். பசியோடு, ஊரே பார்க்க, சாக்பீஸ் தூள் தலையெல்லாம் படிய, மாலை நான்கு மணிவரை கூட்டினேன். ஒவ்வொரு ஆள் முடிந்ததும் கூட்டம் ஒரே குரலில் "கவுத்துடு" என்றது. நான் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போனேன்.

நாற்பத்து மூன்றாவதாக ஏழுமலை. 540 லிட்டர். "கம்ப்யூட்டர்லதானப்பா வந்துச்சு, நானா சொன்னேன்?" என்றார் பாவம். தூக்கைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினால், அவர் மனைவி அதில் சாம்பார் ஊற்றி வைத்திருந்தார். அத்தை, அது அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார். ஐந்து மணிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், எதிர்ப்பில்லாமல். எதிர்க்க யாருக்கும் தெம்பில்லை.

ஏழுமலையின் பசுவைப் பார்க்க இரண்டு மாதம் கழித்து, சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்து போனார் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. ரிப்போர்ட்டின் ஒரு படி எப்படியோ அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

நான் பிறகு சென்னையில் இதே வேலைக்குப் போனேன். எத்தனையோ ரிப்போர்ட்டுகள் எழுதிவிட்டேன். முதலில் எழுதுவது பூஜ்யமாக்கும் வரியைத்தான். கடைசியிலும் நடுவிலும் இரண்டு பேரைப் பிடித்துக் கையால் கூட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. அலுவலகத்தில் இதைத் திறமை என்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எங்களுக்கு இரண்டாவது பெண் பிறந்த அன்று மருத்துவமனையிலிருந்து அத்தைக்குப் போன் செய்தேன். தாயும் குழந்தையும் நலம், குழந்தை மூன்று கிலோ நூறு கிராம் என்றேன்.

"மூத்தவளையும் சேத்தாடா?" என்று கேட்டார் அத்தை.