தபால்காரியின் புருவம்

ஒரு விடுகதை. உங்களுடையதுதான், ஆனால் உங்களைவிட ஊரார்தான் அதை அதிகம் பார்க்கிறார்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் அது பேசிவிடும். அது என்ன?

முகம் என்கிறீர்களா? சரி. அந்த விடையை வைத்துத்தான் நம் ஸ்டூடியோக்காரர் பிழைப்பு நடத்துகிறார். பாஸ்போர்ட் படம் எடுப்பதில் இருபது வருட அனுபவம். “தோளை இறக்குங்க. கண்ணைத் திறங்க. சிரிக்காதீங்க.” ஒரு நாளைக்கு நாற்பது முகம். நாற்பதிலும் மருந்துக்குக்கூட ஓர் உணர்ச்சி இருக்காது. ஆனாலும் உலகத்து உணர்ச்சியெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அந்த எண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது ‘அக்கரைத் தபால்’. வாரம் ஒரு முறை கைபேசியில் வரும் படக்கதை. படகில் போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரிதான் நாயகி. அதற்கு ஒரு ரசிகர் குழு, முந்நூறு பேர். யார் முகத்தில் என்ன உணர்ச்சி என்று குழுவில் சண்டை மூண்டால் ஸ்டூடியோக்காரர் புருவத்தை அளந்து தீர்ப்புச் சொல்வார். ‘புருவப் புலவர்’ என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்டவர்கள் அந்த முந்நூறு பேர்தான்.

இந்த வாரம் வினை வந்தது. தபால்காரி வாத்தியார் வீட்டு வாசலில் நின்று ஒரு கடிதத்தை நீட்டுகிறாள். உறையின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. “பிரிச்சுப் பார்த்தியா?” என்கிறார் வாத்தியார். கடைசிக் கட்டத்தில் அவள் முகம் மட்டும். வசனம் இல்லை. கீழே ஓவியர் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தார்: இது கோபமா, திருட்டு முழியா? எதற்கு அதிக வாக்கோ, கதை அந்தப் பக்கம் போகும். சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை நேரம்.

புலவர் குழுவில் முழங்கிவிட்டார். “சந்தேகமே வேண்டாம், கோபம்தான். எங்க வீட்டு வாக்கைப் போட்டுட்டு அதையும் படம் பிடிச்சு அனுப்பறேன். அனுப்பலேன்னா பட்டத்தைத் திருப்பித் தந்துடறேன்.”

முழங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கே ஒரு கணக்கு, ஒரு வாக்கு. அந்தக் கணக்கு இருந்தது மனைவியின் கைபேசியில்.

மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். அவளும் அந்தக் கதைக்கு ரசிகைதான். பட்டம் மட்டும் இல்லை.

“கோபமா? எங்கேங்க இருக்கு கோபம்?”

“புருவத்தைப் பாரு. போன வாரம் நூல் மாதிரி இருந்துச்சு. இந்த வாரம் கயிறு மாதிரி இருக்கு.”

“ஓவியர் இந்த வாரம் தூரிகையை மாத்திட்டாரு. எல்லாக் கோடுமே தடிமன்தான். மதில்மேல உக்காந்திருக்கே பூனை, அதுக்கும் புருவம் கயிறாட்டம் இருக்கு. அதுக்கும் கோபமா?”

“பூனைக்கு ஏது புருவம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“சரி, வாயைப் பாரு. இறுக்கி மூடியிருக்கா.”

“கண்ணைப் பாருங்க. மேல மூலையைப் பாக்குது. காது சிவந்திருக்கு. எங்க டாக்டர் வர்றவங்ககிட்டயெல்லாம் கேப்பாரு, தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கறீங்களான்னு. தேய்க்கறேன் டாக்டர்னு சொல்லிட்டு அத்தனை பேரும் இந்த முழிதான் முழிப்பாங்க. பத்து வருஷமாப் பாக்கறேன்.”

“பல்லும் முகமும் ஒண்ணா?”

“பின்னே, பல்லு முதுகுலயா இருக்கு?”

எட்டு வயது மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஆறு மணி ஆயிடும்.”

“அதுவும் சரிதான்,” என்றாள் மனைவி. “பாப்பா பார்த்துச் சொல்லட்டும். அவ எதை அழுத்தறாளோ அதுதான் நம்ம வீட்டு வாக்கு.”

ஸ்டூடியோக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “போன்ல படம் சின்னதா இருக்கு, குழந்தைக்குத் தெரியாது. நான் பெருசா அச்சுப் போட்டு எடுத்துட்டு வர்றேன்.” சொல்லிக்கொண்டே எழுந்து, வீட்டின் முன்னறையில் இருந்த ஸ்டூடியோவுக்குப் பாய்ந்தார்.

ஆயிரம் முகங்களின் பருவை மறைத்த கை. இது ஒரு வேலையா? தபால்காரியின் புருவ முனைகளைக் கடுகளவு கீழே இழுத்தார். பார்த்தார். இன்னும் ஒரு கடுகு. காதுச் சிவப்பைத் துடைத்தார். மேலே போன கண்மணியைப் பிடித்து நேரே நிறுத்தினார். இப்போது அவள் கடிதத்தோடு சேர்த்து வாத்தியாரையும் விழுங்கிவிடுவாள் போலிருந்தாள். புலவர் விசிலடித்துக்கொண்டே அச்சுப் போட்டார்.

ஐந்து ஐம்பதுக்குப் படம் மேஜைக்கு வந்தது.

“அம்மாடி, ரொம்பக் கோவமா இருக்காங்களே,” என்று பாப்பா வாக்குப் போட அம்மாவின் கைபேசியை நோக்கி விரலை நீட்டினாள்.

“ஒரு நிமிஷம் இரு கண்ணு.” மனைவி படத்தைக் கையில் எடுத்தாள். புருவத்தைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கணவரின் கைபேசியை எடுத்துக்கொண்டு, பல் டாக்டர் கேட்கிற அதே குரலில் கேட்டாள். “என்னங்க, படத்துல எங்கேயும் கைவைக்கலையே?”

“கைவைக்கறதா? நானா? இருந்தது இருந்தபடி அச்சுப் போட்டேன்.”

க்ளிக்.

“எதுக்கு இப்ப படம் எடுக்கற?”

“சும்மாதாங்க. ஊரையெல்லாம் நீங்க எடுக்கறீங்க. உங்களை யாரு எடுக்கறா?”

இரண்டு கைபேசிகளையும் பாப்பா முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் ஓவியர் வரைந்த தபால்காரி. இன்னொன்றில் புருவப் புலவர். இரண்டு முகத்திலும் கண் மேல் மூலையில் இருந்தது. உதடு இறுகியிருந்தது. காது சிவந்திருந்தது.

பாப்பா அங்கும் இங்கும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். “அப்பா, உங்களுக்கு இப்ப கோவமா?”

ஆமாம் என்றால் எதற்கு என்று கேட்பாள். இல்லை என்றால் பட்டம் போயிற்று. குழுவில் முந்நூறு பேர் படத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர் தன் புருவத்தைக் கீழே இழுத்துப் பார்த்தார். அது இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

“சிரமப்படாதீங்க,” என்றாள் மனைவி. “தோளை இறக்குங்க. கண்ணைத் திறங்க. சிரிக்காதீங்க.”

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. பாப்பா திருட்டு முழியை அழுத்தினாள்.