எட்டாம் ஸ்டேஜும் ஃபியூஸ் அண்ணாச்சியும்

இடுக்கி மலை முழுக்கத் தேடினாலும் ஃபியூஸ் அண்ணாச்சியைப் போலக் குதிக்கிற மனிதரைப் பார்க்க முடியாது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம். நான் சொல்வது டிவிக்குள் குதிப்பதை.

சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். நான் ஆபீஸ் கிளார்க், அவர் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன். ஸ்டாஃப் கிளப்பில் ஒரு கேரம்போர்டு, ஒரு பழைய டிவி, கேசட் சொருகி விளையாடும் ஒரு பெட்டி. கேசட்டில் இருப்பது ஒரே ஆட்டம். தலைப்பாகை கட்டிய குட்டி ஆள் ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுவான். பள்ளம் வந்தால் தாண்டுவான், நண்டு வந்தால் மிதிப்பான். எட்டு ஸ்டேஜ் முடித்தால் ஒரு கொடி ஏறும். அவ்வளவுதான்.

ஆளாளுக்குக் கையில் போன், போனுக்குள் நூறு கேம். ஆனாலும் சாயங்காலம் ஃபாக்டரி சங்கு ஊதினால் எல்லோரும் இந்தப் பெட்டி முன்னால்தான் உட்காருவோம். போன் கேமில் தோற்றால் சிக்னலைத் திட்டலாம். இதில் பள்ளத்தில் விழுந்தால் தப்பு நம் கட்டைவிரலுடையது, வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி ஆடத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். நான் மட்டும் குறை சொல்ல ஒரு ஆளைக் கண்டுபிடித்தேன்.

எட்டாம் ஸ்டேஜை முடித்தவர் பெயரை கிளப் போர்டில் சாக்பீஸால் எழுதுவது வழக்கம். போர்டில் இருந்தது ஒரே பெயர்: ஃபியூஸ் அண்ணாச்சி. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் டீ குடிக்க வேண்டும்.

அவர் ஆடுவதே ஒரு கூத்து. செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். குட்டி ஆள் தாண்டும்போது இவரும் நாற்காலியோடு எழும்புவார். ஒரு நண்டைக்கூட மிதிக்க மாட்டார்.

“அது பாட்டுக்கு நடந்து போவுது சார். அத ஏன் போயி மிதிக்கணும்?”

கிளப்பே சிரிக்கும். நான் ஒரு நண்டு விடாமல் மிதித்துக்கொண்டு போவேன், ஒருத்தர் திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டுக்குப் போனால் என் மனைவி, “அண்ணாச்சி இன்னைக்கு எத்தன நண்டத் தாண்டுனாவ?” என்பாள். நான் ஜெயித்தேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையில் எனக்குச் சோறு இறங்காது.

நாலு தடவை எட்டாம் ஸ்டேஜுக்குப் போனேன். நாலு தடவையும் கரண்டு போயிற்று. அந்தப் பெட்டியில் கரண்டு போனால் போனதுதான், முதல் ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபாக்டரியில் விளக்கு எரியும், கிளப் மட்டும் இருட்டு. அண்ணாச்சி எழுந்து போய் ஃபியூஸ் மாட்டிவிட்டு வருவார். யார் வேலை என்று கேட்கவும் வேண்டுமா? ‘எலக்ட்ரீஷியன் என்மேல் விரோதம் வைத்து மின்சாரத்தைத் துண்டிக்கிறார்’ என்று மேனேஜர் துரைக்கு ஒரு பராதி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் துரை கிளப்புக்கே வந்துவிட்டார்.

“என்னய்யா, கிளார்க் ஆடும்போது மட்டும் கரண்டு போகுதாமே?”

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். அங்கே நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரூம் ஹீட்டர் இருந்தது. கிளப்பில் ஹீட்டர் போடக் கூடாது, போட்டால் மெம்பர்ஷிப் போய்விடும். மரியாதைக்காகக் கழற்றுவது போல அவர் மஃப்ளரைக் கழற்றி அதன் மேல் போட்டார்.

“பழைய வயரு தொரை. எம்மேலதான் தப்பு. நாளைக்கே மாத்திருதேன்.”

எல்லோருக்கும் முன்னால் துரை அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

துரை போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எட்டாம் ஸ்டேஜ் வந்தா ஹீட்டரப் போட்டுக்கிடுதீயல்லா சார்? கிளப்பு ஃபியூஸு அதத் தாங்காது.”

மலைக்குளிரில் எனக்கு விரல் விறைக்கும். கடைசி ஸ்டேஜில் விரல் சூடாக இருக்கட்டும் என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் சுவிட்சைப் போட்டிருக்கிறேன். எனக்குத் தலை நிமிரவில்லை.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?”

“நாலு பேரு இருக்கையில எப்படிச் சொல்லுதது? சங்கடப்பட்டு வராம இருந்துருவீய. நல்லா ஆடுதீய சார். நண்டத்தான் கொஞ்சம் விட்டுரலாம்.”

அடுத்த நாள் ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஸ்டேஜ் முடியும்போதும் பாட்டிலை என் கையில் கொடுத்தார். எட்டாம் ஸ்டேஜில் நான் தாண்டியபோதெல்லாம் பக்கத்து நாற்காலியில் அவரும் எழும்பினார். கொடி ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள், அவரைப் பார்த்து. என் பெயரை அவரே போர்டில் எழுதினார், தன் பெயருக்கு மேலே. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் ரிட்டயர் ஆகி, போடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டி இன்னும் ஓடுகிறது. மழைக்காலத்தில் கிளப்புக்குள் மூடுபனி புகுந்து போர்டு நனையும், எழுத்தெல்லாம் அழிந்துவிடும். நான்தான் திரும்ப எழுதுகிறேன். சாக்பீஸ் துண்டு சின்னதாக இருந்தால் அவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவேன்.