பின்னாலிருந்து பிரித்த சம்மதம்

காஞ்சிபுரம்,
ஞாயிறு காலை

சிரஞ்சீவி ஜெயப்ரியாவுக்கு அப்பா சபாபதி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். பதினோரு நாளாக நீ போனை எடுக்காததால், பெங்களூரில் நீயும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொண்டேன். போட்டோ பிடித்து அனுப்பும் இந்தக் கடிதத்தையாவது படி.

உன் கோபம் நியாயம்தான். வரன் என்று வந்த மாகறல் பையன் போட்டோவைப் பார்த்து நீ "ம்" என்றாய். நான் அதைச் சம்மதமாக்கி முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன், பிறகு பக்கத்துத் தறி தேவேந்திரனிடம், பிறகு கோயில் குருக்களிடம், கடைசியில் பையனின் அப்பா குமரகுருவிடமே சொல்லிவிட்டேன். இதை எப்படித் திரும்ப வாங்குவதென்று தவித்தபோது உன் வேலைதான் கைகொடுத்தது. மனுஷன் நாலு வரியில் எழுதுகிற புரோகிராமை குவாண்டம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற சின்னச்சின்ன வேலைகளாக மாற்றித்தர ஒரு கம்பைலர் செய்கிறேன் என்று பொங்கலுக்குச் சொன்னாயே, அதில் நடுவில் போட்ட கணக்கைச் சும்மா அழித்தால் விடையும் கெட்டுப்போகுமாம், கடைசியில் செய்ததை முதலில் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்து அவிழ்க்கணுமாம், அந்த அவிழ்ப்பையும் உன் கம்பைலரே எழுதிவிடுமாம். நெய்ததில் தப்பு வந்தால் நாங்களும் கடைசி இழையிலிருந்துதானே பிரிக்கிறோம், இதுகூடவா புரியாது என்று நேற்றே மாகறலுக்குக் கிளம்பிவிட்டேன்.

குமரகுரு காபி கொடுத்துவிட்டு, "ஏம்பா, பொண்ணு சொல்லாமயே சொல்லிக்கினு திரிஞ்சியா?" என்றார். "ஆமாங்க, அவ ஒண்ணும் சொல்லல, தப்பு என்னுது" என்றேன். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அவமானத்தால் இல்லைம்மா, உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான். அடுத்து குருக்கள், நாள் பார்த்தாச்சே என்று முறைத்தார். உன் கம்ப்யூட்டர் முறையைச் சொன்னதும் தேவேந்திரன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "கம்ப்யூட்டருக்கு வாய் இல்லபா, உனக்கு இருக்குது. அதான் கஷ்டம்."

கல்யாணம் உன் இஷ்டம், உன் நேரம். உன் வேலை எனக்குப் பாதிதான் புரிகிறது. உன் குரல் கேட்காமல் வீடு பிடிக்கவில்லை என்பது முழுசாகப் புரிகிறது. வேளைக்குச் சாப்பிடு. காமாட்சி அம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: முதலில் சொன்னது அம்மாவிடம், அதனால் முறைப்படி அவளிடம் கடைசியில்தான் அவிழ்க்கணும் என்று நேற்று பூராவும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவள் தெரு முழுக்கச் சொல்லி, மாகறலுக்கும் போன் போட்டு, "எங்க பொண்ணுக்கு ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லியிருக்கிறாள். பாவம், நீ மனசு மாறிவிட்டாய் என்று குமரகுருவும் மறுபடி நம்பிவிட்டார். சாயங்காலம் தாம்பூலம் மாற்ற அவர்கள் வருகிறார்களாம், இப்போது தட்டுக்குப் பழம் வாங்கப் பையோடு கிளம்புகிறாள். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலத்துக்குள் வந்துடும்மா. மாட்டேன்னு நீயே சொல்லு, நான் உன் பக்கத்துல நிக்கறேன்.