வியாழக்கிழமைக் குறைகள்

இந்த வாரமும் குறை எதுவும் அகப்படாவிட்டால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதான். தணிக்கையாளர் கேட்டிலிருந்தே குறை தேடிக்கொண்டு வந்தார்.

மண்ணில் மக்கிப்போகும் தட்டு செய்கிற தொழிற்சாலை அது. மெய்யாகவே பசுமைத் தொழில்தானா என்று சொல்ல வேண்டியவர் இவர். ஒரே நாளில் முடிகிற வேலையை எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார். காரணம் கோப்பில் இருக்காது. மற்ற நாட்களில் அவரோடு பேசுவது குடியிருப்பின் லிஃப்ட் மட்டும்தான். அதுவும் "கதவு மூடுகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். வியாழக்கிழமை இங்கே வந்தால், டீ போடும் அக்கா, "என்ன சார், இளைச்சுட்டீங்க?" என்று கேட்பார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் முதலில் புகைபோக்கியைக் குறை சொன்னார். மாற்றினார்கள். மரம் இல்லையே என்றார். நட்டார்கள். மரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி புகை கக்குகிறது என்றார். லாரியை நிறுத்தினார்கள். மரம் வாடுகிறதே என்றார்.

இன்றும் புகை இல்லை. கழிவுத் தொட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மின்சார மீட்டர் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஒரு யூனிட்கூட ஓடலையே!"

"சிக்கனம் சார்," என்றார் மேனேஜர், கூரையைப் பார்த்தபடி.

"இன்னைக்கும் சத்தத்தையே காணோம். ஆளுங்க எங்கே?"

"சாப்பிடப் போயிருக்காங்க."

"காலையில பத்து மணிக்கா?"

"பசி சார்."

'தொழிலாளர் நலன்: மிக நன்று' என்று குறித்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு. பேனாவைத் திறந்தார், மூடினார்.

"இந்த ஜன்னல் கொஞ்சம் சின்னதா இல்லை?"

"போன மாசம் பெரிசா இருக்குன்னு சொன்னீங்க சார்."

வேறு வழியில்லை. கையெழுத்துப் போட்டார்.

"உலகத்துக்கே முன்மாதிரி நீங்க," என்றார். "ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரமாட்டேன்."

மேனேஜர் சான்றிதழை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அக்கா டீயை நகர்த்தி வைத்தார்.

"அட, நீங்க வாங்க சார். சான்றிதழ் வராம ஆர்டரெல்லாம் போயி, கம்பெனியை மூடியே ரெண்டு மாசமாச்சு. பூட்டின கேட்டைப் பார்த்துட்டு நீங்க தனியா நிப்பீங்களேன்னுதான், வியாழக்கிழமை மட்டும் நாங்க ரெண்டு பேரும் வந்து திறந்து வைக்கிறோம்."